ஆவணி வரைக்கும்

“மிஸ், ஆதார்ல பாத்தா நாளைக்கு எனக்குப் பதினெட்டு முடியுது. அப்ப நானே கெளம்பிப் போலாம்ல?” என்று அவன் கேட்டது மே 27ஆம் தேதி இரவு, மாத்திரை கொடுக்கும் நேரத்தில். அவன் எங்கள் போதை மீட்பு சென்டருக்கு வந்து அன்றோடு நாற்பது நாள். செவிலியர் மாத்திரை கொடுக்க, இரவுப் பணியில் இருந்த நான் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “நெஜமா நீ பொறந்தது ஆவணியிலன்னு அம்மா சொன்னாங்கல்ல. ஆவணி வரைக்கும் நீ சின்னப் பையன்தான். போய்ப் படு” என்றேன். அவன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தான். டம்ளரைக் கழுவி, வடியட்டும் என்று கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

அந்த இரவை நான் பலமுறை திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நான் சொன்ன பதில் கொஞ்சம் மாறிவிடுகிறது. அவன் டம்ளரைக் கவிழ்த்து வைத்த விதம் மட்டும் மாறுவதில்லை.

அவன் கேட்டது சட்டப்படி சரியான கேள்வி என்பது அப்போதே எனக்குத் தெரியும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைக் கோளாறுகளையும் தனக்குள் அடக்கியது. பதினெட்டு வயது நிரம்பாதவரைச் சேர்க்கப் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும், பெரியவர்களிடமிருந்து பிரித்துத் தங்கவைக்க வேண்டும், வீட்டைச் சேர்ந்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தங்கியிருக்கும்போதே அவருக்குப் பதினெட்டு முடிந்துவிட்டால், பொறுப்பு மருத்துவர் அவரைத் தன் விருப்பத்தில் சேர்ந்த நோயாளியாக வகை மாற்றியாக வேண்டும். அதன் பிறகு போகிறேன் என்று அவர் சொன்னால் அனுப்ப வேண்டியதுதான். அவருக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து இருப்பதாக ஐயம் எழுந்தால், 24 மணி நேரம் நிறுத்தி வைத்து மதிப்பிடலாம். வழி இவ்வளவு தெளிவாக இருந்தது. எங்கள் மனநல மருத்துவருக்கு இரவே தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பையனின் அம்மா என்றோ சொல்லிவைத்த ஒரு மாதக் கணக்கை எடுத்து அவன்முன் நீட்டினேன்.

அந்தக் கணக்கு பொய்யும் அல்ல. ஜூலைக்குள் ஐந்து வயது முடிந்தால்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க முடியும் என்று பள்ளியில் சொன்னதால், ஆவணியில் பிறந்தவனுக்கு மே மாதத் தேதி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தேதியே மாற்றுச் சான்றிதழுக்கும், அங்கிருந்து ஆதாருக்கும் போய்விட்டது. நம் ஊரில் வீட்டுக்கு ஒருவருக்காவது இப்படி இரண்டு பிறந்தநாள் இருக்கும். சேர்க்கையன்று குடும்ப விவரம் எழுதும்போது, “ஆவணி அவிட்டத்துக்கு அடுத்த வாரம் பொறந்தான் மேடம்” என்று அவன் அம்மா சொன்னதை நானே கேஸ் ஷீட்டின் ஓரத்தில் குறித்திருந்தேன். ஆக, உடம்பின் வயதுப்படி அவன் இன்னும் பதினேழுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள இடம் இருந்தது. ஆனால் அதே அம்மா கொடுத்த ஆதாரை நம்பித்தான் அவனைச் சேர்த்திருந்தோம். சேர்ப்பதற்கு ஒரு தேதி, அனுப்பாமல் இருப்பதற்கு இன்னொரு தேதி.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது. அது இன்றும் எனக்கு வலுவான காரணமாகவே படுகிறது.

அவன் எடுத்துக்கொண்டிருந்தது டபென்டடால் மாத்திரை. கடும் வலிக்காக மருத்துவர் எழுதித் தரும், அபினி வகையைச் சேர்ந்த மருந்து அது. டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போன இடத்தில் கூட்டாளிகள் பழக்கியது, விழுங்குவதில் தொடங்கி ஊசியில் வந்து நின்றது. சேர்ந்த முதல் வாரம் அவன் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். ஓயாத கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர், ஏப்ரல் வெயிலில் உடம்பு முழுக்கப் புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு, கால்களை ஒரு நிமிடம் ஒரு இடத்தில் வைக்க முடியாத தவிப்பு. கூடத் தங்கியிருந்த தாய்மாமன், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், அந்தக் காய்ப்புக் கையால் விடிய விடிய அவன் கெண்டைக்காலை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் இரவுதான் பையன் முழுதாகத் தூங்கினான். மறுநாள் காலையில் மாமன் என்னிடம் வந்து, “குறட்டை விட்டான் மேடம்” என்று சொன்னபோது அவர் குரல் உடைந்தது.

நாற்பது நாள் அந்த மருந்து படாத உடம்பு பழைய அளவை மறந்திருக்கும். பழகிய உடம்பு அன்று தாங்கிய அதே அளவு, இப்போது மூச்சை நிறுத்திவிடலாம். மையத்தை விட்டு வெளியே போன முதல் சில வாரங்களில் இந்த வகைப் பிள்ளைகள் இறந்துபோவதற்கு இதுவே காரணம். அன்றிரவு அவன் கேள்வியைக் கேட்டதும் எனக்குத் தோன்றியது இது ஒன்றுதான்: இவன் நாளைக்குக் கிளம்பினால், பழைய நினைப்பில் பழைய அளவைப் போட்டுக்கொள்வான். பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே நான் சொன்ன பதில் அலட்சியத்தில் வந்தது அல்ல. அவன் செத்துப்போவானோ என்ற பயத்தில் வந்தது.

அப்படியானால் அந்தப் பயத்தை ஏன் அவனிடம் சொல்லவில்லை? இந்த இடத்துக்கு வந்ததும் என் காரணம் தடுமாறுகிறது. நாற்பது நாளில் இருந்த ஆபத்து, சிகிச்சை முடியும் தொண்ணூறாம் நாளிலும் அப்படியேதான் இருக்கிறது. தங்குவதால் அது குறைவதில்லை. அதைக் குறைக்கக்கூடியது, எதிரில் உட்காரவைத்து, “நீ போகலாம், தடுக்க எனக்கு உரிமை இல்லை, ஆனால் போவதற்கு முன் உன் உடம்பைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்” என்று சொல்லும் பேச்சுதான். அந்தப் பேச்சுக்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அவனாகக் கேட்டு வந்து நின்ற அந்த இரவைவிட அதற்கு நல்ல நேரம் வேறு அமைந்திருக்காது. நான் அவனைப் படுக்க அனுப்பினேன்.

எங்கள் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் குடிக்கு அடிமையான நடுவயது ஆண்களுக்காக உருவானவை என்பதையும் சொல்ல வேண்டும். மனைவியின் கண்ணீரைப் பற்றியும், இழந்த வேலையைப் பற்றியும், வட்டிக்கு வாங்கிய கடனைப் பற்றியும் நடக்கும் வகுப்புகளில் பதினேழு வயதுப் பையன் என்னத்தைக் கேட்பான்? நாற்பத்தைந்து வயதுக்காரரிடம், தன் கட்டுப்பாடு கைவிட்டுப் போய்விட்டது என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறோம். அவர் அழுதுகொண்டே ஒப்புக்கொள்கிறார், ஏனென்றால் ஒருகாலத்தில் எல்லாம் அவர் கையில் இருந்தது. இந்தப் பையனின் கையில் இதுவரை எதுதான் இருந்தது? படிப்பை நிறுத்தியது வீடு, வேலையில் சேர்த்துவிட்டது சித்தப்பா, எங்களிடம் கொண்டுவந்து விட்டது அப்பா. தன் முடிவு என்று அவன் முதன்முதலாக ஒன்றை எண்ணிவைத்திருந்தான். ஆதாரைப் பார்த்து, நாளைக் கணக்கிட்டு, முந்தைய இரவே வந்து முறையாகக் கேட்டான். சுவரேறிக் குதிக்கவில்லை. மாமனை மிரட்டவில்லை. நான்கு வருடங்களாக வகுப்பு எடுத்தும் எங்களால் கற்றுக்கொடுக்க முடியாத ஒரு காரியத்தை அவன் அன்று தானாகவே செய்தான் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அது எனக்குப் போதையைத் தேடும் வேட்கையின் சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது. அதுவாகவும் இருந்திருக்கலாம், இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம்.

மறுநாளும் நான் வகை மாற்றத்துக்கான தாளை மருத்துவரிடம் வைக்கவில்லை. அடுத்த நாள், அதற்கடுத்த நாள் என்று பதினொரு நாள் போயிற்று. யாரும் கேட்கவில்லை, எங்கள் இடத்தில் தேதிகளைக் கவனிக்க வேண்டியவள் நான்தான். அந்தப் பதினொரு நாளும் மாமனும் கூலி இல்லாமல் பாயில் படுத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. பையனுக்குப் பதினெட்டு ஆனதுமே அவர் கூடத் தங்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் போயிருந்தது. அவரிடமும் நான் சொல்லவில்லை. மாதாந்திரச் சரிபார்ப்பின்போது மருத்துவர் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, “இது எப்போ முடிஞ்சுது?” என்று என்னிடம் கேட்டார். விடுபட்டுவிட்டது என்றேன்.

அன்று மாலை அவனைக் கூப்பிட்டு, இனி நீ உன் விருப்பத்தில் இருப்பவன், வேண்டாம் என்றால் போகலாம் என்று மருத்துவர் முன்னிலையில் சொன்னேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. “எங்க சைன் போடணும்?” என்று மட்டும் கேட்டான். படிவத்தில் ‘என் சொந்த விருப்பத்தின் பேரில்’ என்ற வரிக்குக் கீழே பேனாவை அழுத்தி, பள்ளிப் பிள்ளை எழுதுவதுபோல் முழுப்பெயரையும் எழுதினான். மாமன் அன்றிரவே ஊருக்கு பஸ் ஏறினார். பையன் பெரியவர்கள் கூடத்துக்கு மாறி, மீதி நாட்களை ஒரு தகராறும் இல்லாமல் முடித்தான்.

இந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு நான் எவ்வளவோ முறை எனக்காக வாதாடியிருக்கிறேன். போகலாம் என்று சொன்ன பிறகும் அவன் இருந்தான் அல்லவா? அந்தப் பதினொரு நாளில் மனம் படிந்துதானே இருந்தான்? முதல் நாளே விட்டிருந்தால் இந்தக் கையெழுத்தே வந்திருக்காது அல்லவா? இப்படி நினைக்கிறபோது நான் செய்தது சரி என்றே தோன்றுகிறது. உடனே, பேனாவை அழுத்திய அந்த விரல்கள் நினைவுக்கு வருகின்றன. இருப்பதற்கு ஒப்பி இட்ட கையெழுத்தா, இனி இவர்களிடம் கேட்டுப் பயனில்லை என்று விட்டுவிட்டு இட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவன் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. என்னை ‘மிஸ்’ என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டான். மற்றவர்களைப் போல ‘மேடம்’ என்றான்.

பழைய அளவு ஆபத்து என்ற விஷயத்தை அவனிடம் ஒருவழியாகச் சொன்னேன். டிஸ்சார்ஜ் அன்று, பை கட்டி முடித்து, அப்பா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது, ஐந்து நிமிடத்தில். தலையாட்டினான். கேட்டானா என்று தெரியாது.

இரண்டு முறை தொடர் சிகிச்சைக்கு வந்தான். பிறகு வரவில்லை. கார்த்திகை மாதத்தில் ஒருநாள் அம்மா தொலைபேசியில் அழைத்தார். மறுபடியும் மாத்திரை. இரவில் அவன் படுத்திருக்கும் இடத்துக்குப் போய் மூச்சு வருகிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். வரச் சொல்லுங்கள், இந்த முறை யாரும் அவனைக் கட்டாயப்படுத்த மாட்டோம் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன் மேடம். அங்க போனா என் வயசையே மாத்திருவாங்கன்னு சொல்றான்.”

அவர் அதை என்மேல் குறையாகச் சொல்லவில்லை. அவருக்கு அதன் பொருள் புரிந்திருக்கவும் இல்லை.

ஒரு முறை வீழ்ந்தவன் திரும்பி வர ஒரு வாசல் வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் உறுதியாக நம்பும் ஒரே விஷயம். மறுபடி தொடுவது தோல்வி அல்ல, திரும்பி வா என்று முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். மீதி ஐம்பது நாள் அவனைத் தங்கவைக்க நான் கொடுத்த விலை அந்த வாசலாக இருக்குமோ என்ற எண்ணம் என்னை விடுவதில்லை.

அதன் பிறகு இந்த வயதில் வருகிற எல்லோரிடமும் சேர்க்கையன்றே தேதியைச் சொல்லிவிடுகிறேன்: இன்ன நாளில் உனக்குப் பதினெட்டு, அன்றிலிருந்து முடிவு உன்னுடையது என்று. தை மாதத்தில் வந்த இன்னொரு பையனிடமும் அப்படித்தான் சொன்னேன். அந்த நாள் வந்தது. இரண்டு மணி நேரம் பேசினேன், ஒன்றையும் மறைக்கவில்லை. மருத்துவரும் பார்த்தார், நிறுத்திவைக்கக் காரணம் இல்லை என்றார். கும்பிட்டுவிட்டுப் போனான். அவன் எண் அடுத்த வாரத்திலிருந்து அணைந்தே இருக்கிறது. அவனை நினைக்கும்போது, ஆவணி என்று ஒரு பொய்யை இவனுக்கும் சொல்லியிருக்கலாமே என்றுதான் மனம் முதலில் போகிறது. இதையும் எழுதாவிட்டால் மேலே எழுதியது எல்லாம் பாதி உண்மையாகிவிடும்.

கார்த்திகையில் அழைத்த அம்மாவிடம் அன்று வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. 14446 என்ற இலவச உதவி எண்ணைக் கொடுத்தேன். அரசு மருத்துவமனையிலேயே போதை மீட்புப் பிரிவு இருக்கிறது, அங்கே அழைத்துப் போங்கள், காசு ஆகாது என்று சொல்லி வழியையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். வைப்பதற்கு முன், நான்தான் அனுப்பினேன் என்று அவனிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சரி மேடம், சொல்ல மாட்டேன் என்றார்.