3,960 டாலர்: முடக்கப்பட்ட வங்கிக் கணக்கை மீட்ட அனுபவம்

2025 மார்ச் மாதம் ஒரு காலையில் வாடகை அனுப்புவதற்காக வங்கிச் செயலியைத் திறந்தேன். இருப்பு 6,312 டாலர் என்றும், எடுக்கக்கூடிய தொகை 3,960 டாலர் மட்டுமே என்றும் அது காட்டியது. மீதி 2,352 டாலருக்கு எதிரே ‘சட்ட நடவடிக்கை’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன. “ஏங்க, யாராவது கார்டைத் திருடிட்டாங்களா?” என்று மனைவி கேட்டார். திருட்டாக இருந்தால் இவ்வளவு கணக்காக 3,960 டாலரை விட்டுவைத்திருக்க மாட்டார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது.

வங்கியை அழைத்த பிறகு விஷயம் புரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நான் கட்டாமல் விட்ட கிரெடிட் கார்டு பாக்கியை வேறொரு நிறுவனம் விலைக்கு வாங்கி, 2019-இல் வழக்குத் தொடுத்து, நான் ஆஜராகாததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பும் பெற்றிருந்தது. நான் வசிப்பது நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதி. இந்த மாநிலத்தில் அத்தகைய தீர்ப்பு 20 ஆண்டுகள் உயிரோடிருக்கும். தீர்ப்பைக் கையில் வைத்திருப்பவரின் வழக்கறிஞர் மீண்டும் நீதிபதியிடம் போகாமலேயே வங்கிக்கு முடக்க அறிவிப்பை அனுப்பிவிடலாம். கணக்கு வைத்திருப்பவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியதில்லை.

அந்த 3,960-க்கான விடை 2009-இல் நடைமுறைக்கு வந்த மாநில வருமானப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. குறைந்தபட்ச மணிக்கூலியைப் போல 240 மடங்குத் தொகையைக் கணக்கில் தொடாமல் விட வேண்டும் என்பது விதி. நகரில் அப்போது மணிக்கூலி 16.50 டாலர், பெருக்கிப் பார்த்தால் சரியாக 3,960 வருகிறது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் நேரடியாகக் கணக்கில் வரவு வைக்கப்படுபவர்களுக்கு வேறு பாதுகாப்புகளும் உண்டு. 2011 முதல் மத்திய அரசு விதிப்படி, முந்தைய இரண்டு மாதங்களில் வந்த அத்தகைய தொகையை வங்கி தானாகவே விலக்கி வைக்க வேண்டும்.

தானாகக் கிடைப்பது அவ்வளவுதான். அதற்கு மேல் இருப்பதை நாம் எழுதிக் கேட்டால்தான் மீட்க முடியும். அறிவிப்பு கிடைத்த இரண்டு வேலை நாட்களுக்குள் வங்கி நமக்கு விலக்குக் கோரிக்கைப் படிவங்கள் இரண்டை அனுப்ப வேண்டும். ஒன்றை வங்கிக்கும் மற்றொன்றை எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கும் 20 நாட்களுக்குள் நாம் திருப்பி அனுப்ப வேண்டும். படிவத்தில் ‘கடந்த 60 நாட்களில் ஈட்டிய வருமானம், அதில் 90 சதவீதம் விலக்குக்குரியது’ என்றொரு கட்டம் இருந்தது. நான் அதில் குறியிட்டு, நான்கு சம்பளச் சீட்டுகளையும் இரண்டு மாத வங்கி அறிக்கையையும் நகலெடுத்து இணைத்து, ஒவ்வொரு சம்பள வரவையும் மஞ்சள் மையால் கோடிட்டேன். அந்தப் பணம் நான்கு மாதச் சேமிப்பாக இருந்திருந்தால் அந்தக் கட்டம் எனக்கு உதவியிருக்காது. சட்டம் காப்பது அன்றாடப் பிழைப்பைத்தான். சேர்த்து வைத்ததை அல்ல.

இதற்கிடையில், இனி வரும் சம்பளத்தை மைத்துனன் கணக்குக்குத் திருப்பிவிடும்படி நண்பர் ஒருவர் அக்கறையோடு சொன்னார். கடன்காரரிடமிருந்து மறைப்பதற்காகச் செய்யும் கைமாற்றத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்பதோடு, மைத்துனனையும் வழக்குக்குள் இழுத்துவிடும் வேலை அது. நேர்மையான வழியில் கிடைக்கக்கூடிய பணத்துக்கு அப்படியொரு வழி தேவையில்லை என்று மறுத்துவிட்டேன்.

வங்கிக்கான உறை மீது விழும் தபால் முத்திரைத் தேதியிலிருந்து எட்டு நாட்கள் எண்ணப்படுகின்றன. அதற்குள் எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் வங்கி பணத்தை விடுவிக்க வேண்டும். ஆகவே பெட்டியில் போடாமல், தபால் நிலைய முகப்பில் நின்று இரண்டு உறைகள் மீதும் முத்திரை விழுவதைக் கண்ணால் பார்த்து, ரசீதைப் படமெடுத்துக்கொண்டேன். ஆட்சேபம் எதுவும் வரவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் அந்த இரண்டு சொற்கள் மறைந்திருந்தன.

ஆனால் தீர்ப்பு அப்படியே இருந்ததால் கணக்கு மறுபடியும் முடக்கப்படலாம். குவீன்ஸின் ஜமைக்கா பகுதியில், சட்ஃபின் புலவார்டு சாலையில் உள்ள உரிமையியல் நீதிமன்றத்துக்குச் சென்று வழக்குக் கோப்பைக் கேட்டு வாங்கினேன். சம்மனை என் வீட்டில் ‘உறவினர்’ ஒருவரிடம் கொடுத்ததாகப் பிரமாணப் பத்திரம் சொன்னது. அதிலிருந்த முகவரியை நான் காலி செய்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. புதிய வீட்டு ஒப்பந்தத்தையும் அந்த ஆண்டுகளின் மின்கட்டண ரசீதுகளையும் இணைத்து, தீர்ப்பை நீக்கக் கோரி மனு கொடுத்தேன். விசாரணை நாளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ரசீதுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு மறுப்பு சொல்லவில்லை. நீதிபதி தீர்ப்பை நீக்கி, பதில் மனு தாக்கல் செய்ய எனக்கு அவகாசம் கொடுத்தார். கடன் வழக்கு இன்னும் நடக்கிறது. இம்முறை சம்மன் என் கைக்கே வந்திருக்கிறது.