சரக்கும் செவுளும்

எங்கள் குடோனில் 'சரக்கு' என்றால் இரண்டு அர்த்தமும் சரி. கப்பலிலிருந்து இறங்கியதும் சரக்கு, பாட்டிலுக்குள் இருப்பதும் சரக்கு. திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பாண்டட் குடோனில், அதாவது டூட்டி கட்டும்வரை இறக்குமதிச் சரக்கைக் கஸ்டம்ஸ் கண்காணிப்பில் வைக்கும் குடோனில், எட்டு வருடம் கிளார்க்காக இருந்தேன். வேலை கேட்டுப் போனபோது முதல் கேள்வியே "குடிப்பியா?" என்பதுதான். இல்லை என்றேன். அதற்காகவே எடுத்தார்கள் போல. ஒயின் அறைச் சாவி என் இடுப்புக்கு வந்தது.

ஆகவே ஒயினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் குடிக்காமல் தெரிந்துகொண்டதுதான். இன்வாய்ஸைப் படித்து, பெட்டியைத் தூக்கி, பாட்டிலைத் தடவிக் கற்றது. பிரான்சின் ஷத்தோநெஃப்-து-பாப் வந்தால் பெரும்பாலும் கண்ணாடியிலேயே போப்பாண்டவரின் சாவியும் மகுடமும் புடைத்து நிற்கும். கரண்ட் போன நேரத்தில்கூட விரல் வைத்தே சொல்லிவிடுவேன். இத்தாலியின் பரோலோவை 38 மாதமாவது வைத்திருந்துதான் விற்பனைக்கு விட வேண்டும் என்று அந்த ஊர்ச் சட்டம். அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். நம் வீடுகளில் ஊறுகாயைக்கூட அவ்வளவு நாள் காத்ததில்லை.

ஒருமுறை ஆஸ்திரேலியாவிலிருந்து பென்ஃபோல்ட்ஸ் கம்பெனியின் 'பின் 389' என்ற ஒயின் வந்தது. தண்டையார்பேட்டைப் பையன் ஒருவன் புதிதாகச் சேர்ந்திருந்தான். எங்கள் ரிஜிஸ்டரில் 'பின்' என்று ஒரு காலம், அதாவது ஒரு கட்ட வரிசை, உண்டு. எந்த ரேக்கில் எந்த இடத்தில் சரக்கு இருக்கிறது என்று எழுதுவதற்கு. லேபிளில் இருந்ததைப் பார்த்து அவன் அதில் 389 என்று எழுதிவிட்டான். எங்களிடம் இருந்ததே 120 பின்தான். மறுநாள் கஸ்டம்ஸ் ஸ்டாக் செக்கிங். ராத்திரி பத்து மணி வரை அந்தப் பெட்டிகளைத் தேடினோம், அவனை நான் திட்டாத திட்டில்லை. பிறகொரு நாள் படித்தேன்: அந்த நம்பர்களே அவர்கள் நிலவறையில் ஒயினை அடுக்கிய இடத்தை வைத்து வந்த பெயர்களாம். பையன் எழுதியது சரிதான், நாடுதான் மாறிப்போயிருந்தது. அவனிடம் சொன்னேன். "அப்ப திட்டுனது?" என்றான்.

தள்ளுபடிக்கு வரும் ஒயினுக்கு எப்போதும் ஒரு கதை இருக்கும். நல்ல கதைகளும் உண்டு. பிரான்சின் போர்தோவில் 2013 குளிரும் மழையுமாகக் கெட்ட வருடம். பெரிய வீடு, அதாவது பேர்பெற்ற தயாரிப்பாளர், செய்த ஒயின்கூட அந்த வருடத்தது என்றால் விலை இறங்கித்தான் வரும். செய்தவர் கை அதேதான், வானம்தான் சரியில்லை. வாங்கலாம். லேபிள் கிழிந்தது, கறை பட்டது, அதுவும் வாங்கலாம். இறக்குமதியாளர் விலாசமும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பரும் போட்ட ஸ்டிக்கரை எங்கள் குடோனில்தான் ஒட்டுவார்கள். ஒரு தடவை ஒட்ட வந்த அக்காமார்கள் அறுபது பெட்டியிலும் சரியாக வருடத்தின் மேலேயே ஒட்டிவிட்டார்கள். வருடம் தெரியாத போர்தோவை யார் முழு விலைக்கு வாங்குவார்? உரித்தால் லேபிளும் சேர்ந்து வந்தது. உள்ளே ஒரு குறையும் இல்லை, விலை மட்டும் போய்விட்டது.

கெட்ட கதை 2018 கத்திரி வெயிலில் வந்தது. ஒரு இறக்குமதியாளர், பெயர் வேண்டாம், குளிர் கண்டெய்னருக்குக் கூலி அதிகம் என்று சாதாரண இருபதடி கண்டெய்னரில் ஒயினை வரவழைத்தார். பேப்பரில் ஏதோ சிக்கல். 22 நாள் பெட்டி யார்டில் நின்றது. பிறகு எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை டிரெய்லர் வரிசையில் ஒரு பகல். எங்கள் வாசலில் கதவைத் திறந்தபோது அடுப்பு மூடியைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. கூடவே லேசான புளிப்பு வாசனை.

பெட்டிகள் பார்க்க அழகாகத்தான் இருந்தன. மரப்பெட்டி, சூட்டால் பொறித்த பெயர், போர்தோவும் ஷத்தோநெஃப்பும், எல்லாம் கேள்விப்பட்ட வீடுகள். அந்த வாரம் அம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா காசிமேட்டில் முப்பது வருடம் மீன் விற்றவள். "இன்னாடா, பேரைப் பாத்து வாங்குவாங்களா? செவுளைத் தூக்கிப் பாத்தியா நீ?" என்றாள். பொழுது ஏறினால் வஞ்சிரமும் விலை இறங்கும், வஞ்சிரம் என்பதற்காக யாரும் கண்ணை மூடிக்கொண்டு கூடையில் போடுவதில்லை.

ஒயினுக்கும் செவுள் உண்டு. கழுத்தில் சுற்றியிருக்கும் தகட்டுறையை இரண்டு விரலால் திருக வேண்டும். சுழன்றால் பெரும்பாலும் கவலையில்லை. சுழலாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் கார்க்கைத் தாண்டி ஒயின் கசிந்து காய்ந்திருக்கலாம். மறுநாள் நானும் பையனும் திருகிக்கொண்டே போனோம். முதல் பெட்டியில் பன்னிரண்டுக்கு ஏழு ஒட்டல். சிலதில் சூட்டில் ஒயின் விரிந்து, கார்க் தகட்டை முட்டி மேலே எழுந்திருந்தது. லேபிள் மேல் ஊதாக் கோடு ஒழுகியிருந்தது. உள்ளே ஒயினின் மட்டம் தோளுக்கு இறங்கியிருந்தது.

சரக்கின் முதலாளி, அதாவது அந்த இறக்குமதியாளர், 40 சதவீதம் தள்ளுபடி என்று பெங்களூர் பார்ட்டிக்கு விலை சொன்னார். "1855-ல போர்தோ ஒயினுக்குத் தரம் போட்ட லிஸ்ட்ல இருக்கிற பேருப்பா" என்று போனில் ஒரே பெருமை. எனக்குக் கணக்கு உறுத்தியது. அப்போது ஒயினுக்கு டூட்டி 150 சதவீதம். (2021 பட்ஜெட்டில் அதை 50 டூட்டி, 100 வேளாண் செஸ் என்று பிரித்தார்கள். கூட்டிப் பாருங்கள்.) கணக்குக்காக, கப்பல் கூலியோடு 10 யூரோவுக்கு வந்த பாட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். டூட்டி 15, ஆக 25. முதலாளி 6 யூரோவுக்குக் கொடுத்தாலும் டூட்டி 10-க்குத்தான், ஆக 21. மாநில வரி தனி. 40 சதவீதம் என்று காதில் விழுவது பாக்கெட்டுக்கு வரும்போது 16 சதவீதம். அவித்த ஒயினுக்கு அது.

சேதமான சரக்குக்கு டூட்டியைக் குறைக்க சுங்கச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. ஆனால் 'சேதம்' என்று முதலாளி கைப்பட எழுதித்தர வேண்டும். எழுதினால் எவன் வாங்குவான்? அவர் எழுதவில்லை. என்னிடம் கண்டிஷன் ரிப்போர்ட் கேட்டார்கள். தகடு எத்தனை ஒட்டியது, கார்க் எத்தனை எழும்பியது என்று எண்ணியதை எழுதினேன், வேறு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அதற்கே முதலாளி மூன்று மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெங்களூர்க்காரர் நேரில் வந்தார். அனுமதி வாங்கி ஒரு பாட்டிலைத் திறந்தோம். முகர்ந்தார், குடிக்கவில்லை. "கொதிக்க வெச்ச பிளம்ஸ்" என்றார், ரயிலுக்கு நேரமாகிறது என்றார்.

ஒரு வருடம் ஓடியது. தொண்ணூறு நாளுக்கு மேல் டூட்டிக்கு வட்டி வேறு. கடைசியில் முதலாளி சரக்கு எனக்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து விலகிக்கொண்டார். கஸ்டம்ஸ் அதிகாரி முன்னிலையில் உடைத்தோம். டிரம்முக்குள் சாவியும் மகுடமும் போட்ட கண்ணாடி சில்லுசில்லாக விழுந்தது. என் பேண்டில் தெறித்த கறை போகவே இல்லை.

சாயங்காலம் ரிஜிஸ்டரை மூட உட்கார்ந்தோம். பேனாவை வைத்துக்கொண்டு பையன் என்னைப் பார்த்தான்.

"அண்ணா, பின் காலத்துல இன்னா எழுதட்டும்?"

கோடு போடச் சொன்னேன்.