மேரி ரீபியைப் பதிவேடுகளில் தேடிய மூன்று மாதம்

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கிற ஒரு மணி நேரத்தை மூன்று மாதமாக ஒரே பெண்ணுக்காகச் செலவழித்து வருகிறேன். ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் கண்ணாடியும் தொப்பியுமாக இருக்கிறாரே மேரி ரீபி, அவருக்காகத்தான். கப்பல் முதலாளி, வியாபாரி என்று எல்லோருக்கும் தெரியும். நாடு கடத்தப்பட்ட கைதியாக வந்தவர் என்பதும் தெரியும். ஆனால் அந்தக் கைதிச் சிறுமியைப் பதிவேடுகளில் நானே பின்தொடர வேண்டும் என்று ஆசை.

முதல் இரண்டு வாரம் வீண். 'ரீபி' என்று போட்டுத் தேடினால் கைதிகள் பட்டியலில் யாரும் வரவில்லை. வராதுதான், அது கல்யாணத்துக்குப் பிறகு வந்த பெயர். 1777-இல் இங்கிலாந்தில், லங்காஷயரின் பரி ஊரில் பிறந்தபோது அவர் மேரி ஹேடாக். வேலைக்கு விட்ட இடத்திலிருந்து ஓடிப்போய், ஆண்பிள்ளை வேடத்தில், குதிரை திருடியதாகப் பிடிபட்டபோது சொன்ன பெயர் ஜேம்ஸ் பர்ரோ. ஸ்டாஃபோர்டில் ஏழு வருடத் தண்டனை விதித்தது அந்தப் பெயருக்குத்தான், பெண் என்பது அப்புறம்தான் வெளிவந்தது. சிட்னி வந்த பிறகு தாமஸ் ரீபியைக் கல்யாணம் செய்தது 1794 செப்டம்பர் 7. அங்கேயும் நிம்மதி இல்லை, ஆரம்பகாலப் பதிவுகளில் குடும்பப் பெயர் 'ரேபி' என்றும் வரும். அதனால் இப்போது ஒரு தாளில் எல்லா எழுத்து வடிவங்களையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுகிறேன்.

அடுத்துச் சிக்கவைத்தது தாமஸ்கள். கணவர் தாமஸ், மகன் தாமஸ், பேரன் தாமஸ்! 1811 ஏப்ரலில் கணவர் இறந்துவிடுகிறார், கையில் ஏழு பிள்ளைகள். ஒரு முழு வாரம் மகனின் தகவல்களைப் பேரன் மேல் ஏற்றி வைத்திருந்தேன், டாஸ்மேனியாவின் முதல்வராக (பிரீமியர்) 1876-இல் பதவிக்கு வந்தவர் பேரன். பிறகு மூவருக்கும் மூன்று நிறம் கொடுத்து ஆண்டு வரிசையில் எழுதினேன், சரியாகிவிட்டது. மகன் டாஸ்மேனியாவில் கட்டிய வீட்டுக்கு எண்டாலி என்று பெயர், அது கல்கத்தாவில் உள்ள ஒரு பகுதியின் பெயர். கணவர் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் இருந்தவர் என்று தெரிந்திருந்ததால் அதைப் பார்த்ததும் சட்டென்று புரிந்தது.

உறவுகளைப் பிடிக்க எனக்கு மிகவும் உதவியது வியாபாரப் பங்காளிகளைக் கவனித்ததுதான். தாமஸின் பங்காளி எட்வர்ட் வில்ஸ், அவரும் கைதியாக வந்தவர், அவரும் அதே 1811-இல் இறந்துபோனார். பதினோரு வருடம் கழித்து மேரியின் மகள் சீலியா கைப்பிடித்தது அந்த எட்வர்டின் மகனை. வெறும் திருமணப் பதிவை மட்டும் பார்த்திருந்தால் இரண்டு பெயர்கள் என்று தாண்டிப் போயிருப்பேன்.

இந்தத் தேடலில் என்னை உலுக்கியது 1828 மக்கள்தொகைக் கணக்குதான். அதில் ஒவ்வொருவருக்கும் எதிரே எப்படி வந்தவர் என்ற குறிப்பு உண்டு: தண்டனை முடித்து விடுதலையானவர், காலனியிலேயே பிறந்தவர், சுதந்திரமாக வந்தவர் என்று. மேரி தன்னைப் பற்றிச் சொன்னது, 1821-இல் சுதந்திரமாக வந்தவர் என்று. 1820-இல் மகள்கள் சீலியாவையும் எலைசாவையும் கூட்டிக்கொண்டு இங்கிலாந்து போய்விட்டு, மறுவருடம் பயணச்சீட்டு வாங்கித் திரும்பினாரே, அந்த வருகையைக் கணக்கில் காட்டிவிட்டார். இதைப் பொய் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. முதல் தடவை அவர் வந்த விதம் அப்படி.

கப்பல் வந்து சேர்ந்த மறுநாள், 1792 அக்டோபர் 8-ஆம் தேதி, இங்கிலாந்தில் இருந்த பெனலோப்பி ஹோப் என்ற உறவினருக்கு அவர் எழுதிய கடிதம் சிட்னியில் மாநில நூலகத்தில் இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் இரண்டு மூன்று வருடத்தில் கிளம்பிவிடுவேன் என்கிறார் அதில். இருபத்தெட்டு வருடம் ஆனது. 'ஆன்ட்' என்று அழைக்கிறார், நம் கணக்கில் அது அத்தையா, சித்தியா, பெரியம்மாவா? அப்பா ஹேடாக் வழியா, அம்மா வழியா என்று பார்க்க இந்த வாரம் பரி ஊரின் தேவாலயப் பதிவேடுகளைத் திறந்திருக்கிறேன். மேரியின் ஒரு மகளின் பெயர் ஜேன் பெனலோப்பி.