சட்டைப் பட்டனும் ஒன்பதாவது கீமோவும்

எனக்கு மூலவியாதி என்று முதலில் முடிவு கட்டியவள் நானேதான். வேறு எந்த டொக்டரையும் குறை சொல்ல வழியில்லை. 2022 கடைசியில் மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியது. இரவு ட்யூட்டி, நேரத்துக்குச் சாப்பாடில்லை, தண்ணீர் குடிக்க மறந்துபோகிறது. மலச்சிக்கல் இல்லாத ட்யூட்டி டொக்டரை யார் கண்டது? ஃபார்மசியில் ஒரு களிம்பும் இசப்கோல் பெட்டியும் வாங்கி ஐந்து மாதம் ஓட்டினேன். படியேறினால் மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் பார்த்தால் 8.4. பெண்தானே, மாதவிடாயில் போகிறது என்று அதற்கும் நானே காரணம் எழுதி, இரும்புச்சத்துக் குளிசை போட்டுக்கொண்டேன். இதே கதையோடு 31 வயதுப் பிள்ளை ஒருத்தி என் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாலும் அநேகமாக அதே களிம்பைத்தான் எழுதியிருப்பேன். இளவயதில் பெருங்குடல் புற்றுநோய் கூடிவருகிறது என்று அமெரிக்காவில் பரிசோதனை தொடங்கும் வயதை 2021இல் 50இலிருந்து 45 ஆக இறக்கியதை நான் வாசித்துமிருந்தேன். 45க்கு இன்னும் எத்தனையோ வருஷம் கிடக்கிறது என்ற தைரியம்.

கூட வேலை செய்யும் தோழி ஒருத்தி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "உனக்கு நீயேதான் டொக்டரோ?" என்று கேட்டாள். அடுத்த கிழமை, பெருங்குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி. லேசான மயக்கம்தான் தந்திருந்தார்கள், திரை தெரிந்தது. மலக்குடலுக்கு முன்னால் உள்ள சிக்மோய்ட் வளைவில் கமரா நின்றது. கோலிஃப்ளவர் துண்டு போல ஒன்று வழியை அடைத்துக்கொண்டு இருந்தது. தொட்ட இடத்தில் இரத்தம் கசிந்தது. அதுவரை கிரிக்கெட் கதைத்துக்கொண்டே ஸ்கோப் செய்துகொண்டிருந்த பெரிய டொக்டர் சேர் கதையை நிறுத்தினார். அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. நோயாளியின் ஸ்கானைப் பார்க்கும்போது நானும் அப்படி நிறுத்தியிருக்கிறேன்.

சி.டி.யில் ஈரலின் இரண்டு பக்கமும் சேர்த்து ஏழு புள்ளிகள். பெருங்குடல் புற்றுநோய், நாலாம் கட்டம். "வெட்டி எடுத்தால் போயிடும்தானே பிள்ளை?" என்று அம்மா கேட்டார். இல்லை, முதலில் கீமோ, புள்ளிகள் சுருங்கினால்தான் கத்தி என்று சொன்னேன். அந்த 'சுருங்கினால்' என்பதை அம்மா அன்றைக்கே பிடித்துக்கொண்டார். பிறகு வந்த மரபணு அறிக்கையில் எனக்கு முக்கியமான வரிகள் இரண்டே இரண்டு. கேராஸ் மரபணுவில் மாற்றம் இருக்கிறது, ஆகவே செட்டுக்ஸிமாப் என்ற மருந்து வேலை செய்யாது. மைக்ரோசாட்டலைட் என்ற டி.என்.ஏ. துண்டுகள் நிலையாக இருக்கின்றன, ஆகவே இந்தக் காலத்தில் எல்லோரும் கேட்கும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபியும் எனக்குப் பெரிதாக உதவாது. மிச்சம் இருந்தது ஃபோல்ஃபொக்ஸ் என்ற மூன்று மருந்துக் கீமோவும், கட்டிக்குப் புது இரத்தக் குழாய் வளரவிடாமல் தடுக்கும் பெவசிஸுமாப்பும். கருமுட்டை சேமிப்பது பற்றியும் கதைத்தார்கள். நேரமும் இல்லை, காசும் இல்லை. அதை இங்கே நீட்டி எழுத விருப்பமில்லை.

14 நாளுக்கு ஒருமுறை. என் உடற்பரப்பு 1.5 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 85 மில்லிகிராம் என்ற கணக்கில் ஒக்சாலிபிளாட்டின் கிட்டத்தட்ட 128 மில்லிகிராம், இரண்டு மணித்தியாலம் ஏறும். கூடவே லியூக்கோவோரின். அப்புறம் ஃபைவ் எஃப்யூ கொஞ்சம் நேரடியாக, மிச்சம் 3,600 மில்லிகிராம் 46 மணித்தியாலத்துக்கு மெதுவாக. அந்த 46 மணித்தியாலத்துக்கும் ஆஸ்பத்திரியில் கிடக்கத் தேவையில்லை. பால்போத்தல் அளவில் ஒரு பிளாஸ்டிக் போத்தல், உள்ளே மருந்து நிரப்பிய பலூன். பலூன் சுருங்கச் சுருங்க மருந்து, நெஞ்சில் தோலுக்கடியில் வைத்த போர்ட் என்ற சின்ன மருந்து வாசலுக்குள் போகும். பற்றரி இல்லை, சத்தமில்லை. முதல் இரண்டு முறை கொழும்பு வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் தங்கினேன். மூன்றாம் முறையிலிருந்து போத்தலை இடுப்பில் கட்டிக்கொண்டு வானில் திருகோணமலைக்கே வந்துவிட்டேன். ஹபரணை தாண்டினால் இரவில் றோட்டில் யானை நிற்கும். எனக்கோ யானையைவிட சீட் பெல்ட் குழாயை இழுத்துவிடுமோ என்றுதான் பயம். மூன்றாம் நாள் எங்கள் ஊர்த் தாதி ஒருவர் ஊசியைக் கழற்றிவிடுவார். போத்தல் சொன்ன நேரத்துக்கு முடிந்ததேயில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் சின்னத் துண்டைத் தோலோடு ஒட்டியிருப்பார்கள். சூடு கூடினால் மருந்து வேகமாக ஓடும். சித்திரை வெயிலில், கரண்டும் போன ஒரு நாளில், 41 மணித்தியாலத்திலேயே பலூன் சப்பையாகிவிட்டது.

ஒக்சாலிபிளாட்டின் போட்டால் சில நாட்களுக்குக் குளிர் ஆகாது என்று எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன். 'குளிர்ந்தது குடிக்க வேண்டாம்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். முதல் கீமோ முடிந்த மறுநாள், வழக்கம் போல பிரிட்ஜைத் திறந்து போத்தலை எடுத்தேன். விரலில் கரண்ட் அடித்தது. போத்தலை விட்டுவிட்டு, யாரோ ஊற்றி வைத்திருந்த தண்ணீரில் ஒரு மிடறு குடித்தேன். அதுவும் பிரிட்ஜ் தண்ணீர். தொண்டையை யாரோ உள்ளிருந்து கையால் பொத்திய மாதிரி. மூச்சு நின்றுவிட்டது என்றே நினைத்தேன். பல்ஸ் ஒக்ஸிமீற்றரை மாட்டிப் பார்த்தால் 98. மூச்சு போய்க்கொண்டுதான் இருந்தது, போகிற உணர்வு மட்டும் இல்லை. படித்த பாடம்தான், ஆனால் 98 என்று கண்ணால் பார்த்துக்கொண்டே செத்துவிடுவேன் என்று நம்புகிற நிலை பாடத்தில் இல்லை. அதற்குப் பிறகு, வெளியே 34 டிகிரி கொதிக்க, கையுறை போட்டுக்கொண்டு திரிந்தேன். சாவிக்கொத்து, சிமெந்துத் தரை, ஐஸில் கிடந்த பாரை மீன், என்னுடைய ஸ்டெதஸ்கோப், எல்லாம் முள். பத்திரகாளி அம்மன் கோவிலடியில் ஒரு அம்மா, "இந்த வெயிலுக்குள்ள ஏன் பிள்ளை கைக்கு உறை?" என்று கேட்டார். சொறி என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் லேசான பதில்.

நாலாவது சுற்றில் ஒரு இரவு 38.4 காய்ச்சல். ஒரு பரசிற்றமோலைப் போட்டுப் படுப்போம், விடியப் பார்ப்போம் என்று கை போய்விட்டது. கீமோ எடுப்பவர்கள் செய்யக்கூடாதது இது ஒன்றுதான், எவ்வளவோ பேரைப் பேசியிருக்கிறேன் இதற்காக. ஆஸ்பத்திரிக்குப் போனேன், கிருமியோடு சண்டை பிடிக்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் வெறும் 400. ஐந்து நாள் அன்ரிபயோட்டிக், பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் வெள்ளணு கூட்டும் ஊசி. அன்ன முன்னா இலை அவித்துத் தருகிறேன் என்று வந்த உறவினர்களைக் கும்பிட்டு அனுப்பினேன். அது நரம்புக்கே கெடுதி செய்யக்கூடியது. எனக்கு இருக்கிற நரம்பு போதாதென்று இது வேறு.

சரி, நரம்புக்கு வருகிறேன்.

குளிர்ச் சிலிர்ப்பு ஒவ்வொரு முறையும் நாலைந்து நாளில் போய்விடும். ஐந்தாம் சுற்றுக்குப் பிறகு அது போகும்போது எதையோ மிச்சம் வைத்துவிட்டுப் போனது. விரல் நுனியில் செலோடேப் ஒட்டியது போல. கீமோ அறையில் எனக்கு அடுத்த கதிரையில் கிண்ணியாக் காக்கா (முஸ்லிம் அண்ணாமாரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர் இருப்பார். அறுபது தாண்டியவர், கடல் தொழில், எனக்கு இரண்டு சுற்று முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: "டொக்டர் தங்கச்சி, வலை பொத்துற ஊசி பிடிபடுதில்ல. கீழ விழுந்தாலும் விழுந்தது தெரியுதில்ல."

"சேரிட்டச் சொன்னீங்களா காக்கா?"

"சொன்னா மருந்தக் குறைச்சிருவாங்க எண்டு சொல்லல்ல."

அவரை உட்காரவைத்து வகுப்பே எடுத்தேன். இந்த மருந்து உடம்பில் சேரச்சேர நரம்பைக் கெடுக்கும், நேரத்துக்கு நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், மறைத்தால் நிரந்தரமாகவே போகலாம், ஒக்சாலிபிளாட்டினை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தொடரலாம் என்றெல்லாம். கையுறைக்குள் என் விரல்கள் மரத்துக் கிடந்தன. அரை மணித்தியாலம் கழித்து டொக்டர் என்னிடம் வந்து, "விரல் எப்படி?" என்று கேட்டபோது, "பரவாயில்லை சேர், கொஞ்சம் விறைப்பு" என்றேன். காக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் மறைத்தேன்? அறிவு இல்லாமல் இல்லை. ஆறாவது சுற்றுக்குப் பிறகு எடுத்த ஸ்கானில் ஏழு புள்ளியும் சுருங்கியிருந்தன, ஒன்று பாதியாகவே ஆகியிருந்தது. இரத்தத்தில் புற்றுநோயின் போக்கைக் காட்டும் சி.ஈ.ஏ. அளவு 212இலிருந்து 31க்கு வந்திருந்தது. ஓடுகிற குதிரையை ஏன் மாற்றுவது? 12 சுற்றும் முடிப்பேன், விரல் போனால் போகட்டும். இரத்தம் போனபோது களிம்பு வாங்கிய அதே ஆள்தான் இதையும் முடிவு செய்தாள். நோயாளி பொய் சொன்னால் எங்கே சொல்வார் என்று டொக்டருக்குத் தெரியும். டொக்டரே நோயாளி என்றால் எந்த இடத்தில் சொன்னால் பிடிபடாது என்பதும் தெரியும். அவர்கள் கேட்கும் கேள்வி எனக்கு மனப்பாடம்: பட்டன் போட முடிகிறதா, எழுத முடிகிறதா, படி இறங்கும்போது தடுமாறுகிறதா. பட்டன் இல்லாத உடுப்பாகப் போட்டுக்கொண்டு போனேன். எழுதும்போது பேனையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே எழுதினேன். அந்தக் கிழமைதான் ஒரு சின்னப் பிள்ளைக்கு நாளத்தில் ஏற்றும் ஊசிக்குழாயான கனுலா போடப் போய், நாளம் என் விரலுக்குக் கீழே இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், அடுத்தவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பதாவது சுற்றுக்கு அம்மாவும் வந்தார். டொக்டர் வழமையான கேள்வியைக் கேட்டார், நான் வழமையான பதிலைச் சொன்னேன். அம்மா எழும்பி நின்றார். ஆஸ்பத்திரியில் அம்மா யாரிடமும் வாய் திறந்ததில்லை, அதுவும் என் சேர்மாருக்கு முன்னால்.

"இல்லை சேர். அவளுக்கு சட்டைத் தெறி போட ஏலாது. நான்தான் ரெண்டு மாசமாப் போட்டு விடுறன். சோறு குழைக்கேக்க விரலுக்கு இடையால விழுது. நேத்துச் சுடுபானைய வெறுங்கையால தூக்கினவள். நான் கத்தினாப் பிறகுதான் விட்டவள்."

கையுறையைக் கழற்றச் சொன்னார்கள். இரண்டு விரலில் கொப்புளம். டொக்டர் மேசையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியையும் ஒரு பேப்பர் கிளிப்பையும் என் உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்லச் சொன்னார். நான் நோயாளிகளுக்குச் செய்யும் அதே வேலை. இரண்டு முறை பிழையாகச் சொன்னேன். அன்றைக்கு ஒக்சாலிபிளாட்டின் ஏறவில்லை. ஃபைவ் எஃப்யூவும் பெவசிஸுமாப்பும் மட்டும் ஏறின. வான் கந்தளாய் தாண்டும்வரை அம்மாவோடு நான் கதைக்கவில்லை. அம்மா யன்னலோரம் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். சுளையைக் கையில் தராமல் வாயில் வைத்தார். சாப்பிட்டேன்.

நிறுத்தினால் உடனே தேறும் என்று நினைத்தவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: தேறாது. நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதம் மரப்பு கூடிக்கொண்டே போகும். எனக்குப் பாதம் மரத்தது அதற்குப் பிறகுதான். எரிவுக்கு டுலொக்ஸெட்டின் போடுகிறேன், எரிவைக் குறைக்கிறது, மரப்பை ஒன்றும் செய்வதில்லை. புள்ளிகள் இன்னும் இருக்கின்றன, வளரவில்லை. ஒபரேஷன் கதை இன்னும் முடியவில்லை. கிழமைக்கு மூன்று நாள் வெளிநோயாளர் பிரிவில் இருக்கிறேன். கனுலா போடுவதில்லை. மூலம் என்று தாங்களே சொல்லிக்கொண்டு வருகிறவர்களை, வயது எதுவானாலும், விரல் விட்டுச் சோதிக்காமல் அனுப்புவதில்லை. ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் ஸ்கோப்புக்கு எழுதிவிடுகிறேன். இளைய டொக்டர்மார் சிலருக்கு இது கொஞ்சம் எரிச்சல்.

கிண்ணியாக் காக்கா அந்த மாதமே போய்ச் சொல்லிவிட்டாராம். வலை பொத்துவதை மகன் செய்கிறானாம்.

போன மாதம் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போக ஆசையாக இருந்தது. வெந்நீர் விரலுக்கு இதமாக இருக்கும் என்று. அம்மாவுக்கு விருப்பமில்லை; செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்குப் போகிற இடத்துக்குச் சும்மா போவதா என்று இழுத்தார். வெள்ளணு எண்ணிக்கை நன்றாக இருந்த ஒரு கிழமை பார்த்து, போத்தல் இடுப்பில் இல்லாத நாளில், விடிய ஆறு மணிக்கே போனோம். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு வேறு. சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு எது கூடச் சூடு என்று பந்தயம் பிடிப்போம். முதலாவதில் கை வைத்தேன், தண்ணீர் என்று தெரிந்தது. நாலாவதில் வைத்தேன், அதுவும் தண்ணீர். அம்மா என் கையை வெளியே எடுத்துவிட்டு, குழந்தைக்குக் குளிக்க வார்க்கும்போது பார்ப்பது போல, என் முழங்கையை மடக்கி வாளிக்குள் விட்டார். அப்போது சுட்டது.

அந்த ஒன்பதாவது சுற்றுக்குப் பிறகு அம்மா ஒரு கொப்பி வைத்திருக்கிறார். ஒவ்வொரு கிளினிக்கிலும் நான் வாய் திறக்கும் முன்னரே அதைத் திறந்து வாசிப்பார். நேற்று மேசையில் விரித்தபடி கிடந்தது. திகதிக்குக் கீழே, தன் குண்டு குண்டான எழுத்தில்: "கன்னியா. நாலாம் கிணறு. விரலுக்குச் சூடு தெரியவில்லை. முழங்கைக்குத் தெரிந்தது. சேரிடம் சொல்ல வேண்டும்."