வலிப்பு மாத்திரை என்று சொல்லிவிட்டேன்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு பாமசியில் வேலை பார்த்த காலம். ஒரு நாள் காலையில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வயதான கணவனும் மனைவியும் வந்தார்கள். அம்மாவின் கன்னம் வீங்கிக் கறுத்திருந்தது. ஐயா தலை நிமிரவே இல்லை.

"இவரு அடிச்சதுதான் மிஸ். ஆனா இவருக்கே தெரியாது. மலையில குளவிக்கூடு கலைஞ்ச மாதிரி கனவு. ரெண்டு கையாலயும் விரட்டுறாரு, பக்கத்துல நான் படுத்திருக்கேன்."

கிளினிக் துண்டில் குளோனாசெபாம் 0.5 மில்லிகிராம், இரவில் ஒன்று என்றிருந்தது. "இது வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரை" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். ஐயா துண்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வலிப்பு என்று பேர் வந்தால் பேத்தியின் கல்யாணப் பேச்சு வரைக்கும் போகும். அது எனக்குத் தெரியாததில்லை. அதனால்தான் இன்றும் மனசு உறுத்துகிறது.

உட்காரவைத்துப் பேசினேன். கனவு காணும் தூக்கத்தில் மூளை நம் தசைகளைப் பூட்டி வைக்கும். அந்தப் பூட்டு தளர்ந்தால் கனவில் செய்வதைக் கையும் காலும் நிஜமாகவே செய்துவிடும். 1986இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஷென்க், மஹோவால்ட் என்ற இரு மருத்துவர்கள் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். குளோனாசெபாம் அந்தப் பூட்டைச் சரிசெய்வதில்லை, ஆனால் பலருக்கு அடிதடி குறைகிறது. வலிப்பு மருந்துகள் எல்லாமே இப்படி உதவும் என்றில்லை. சிலருக்கு மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனைக் கொடுப்பார்கள். பிற்காலத்தில் பார்க்கின்சன் நோய் வரும் வாய்ப்பும் இருப்பதால் கிளினிக்கை விடக் கூடாது.

எனக்குப் பெரிய பயம் வேறு. இந்த மாத்திரை தள்ளாட்டம் கொடுக்கும். அவர்கள் லயத்தில் கக்கூஸ் வெளியே, பனியில் நனைந்த ஏழெட்டுப் படி இறங்கிப் போக வேண்டும். ராத்திரி எழும்பினால் அம்மாவையும் எழுப்புங்கள், டோர்ச் இல்லாமல் கால் வைக்காதீர்கள் என்றேன். குறட்டையும் மூச்சுத் திணறலும் உண்டா என்று கேட்டேன், இருந்தால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். இல்லை என்றார்கள். அப்புறம், சுகமாகிவிட்டது என்று நீங்களாகவே திடீரென்று நிறுத்தக் கூடாது, அப்படி நிறுத்தினால்தான் வலிப்பே வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

அடுத்த மாதம் வந்தார்கள். கன்னம் தெளிந்திருந்தது. "இன்னமும் முனகுறாரு மிஸ், கைதான் எழும்புறது இல்ல" என்றார் அம்மா. ஐயா மருந்து உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தூக்கத்தில் கை கால் அடிப்பதற்கு, இரவு 1" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்.