லோட்டாவின் நெற்றிச் சுழி

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாப்பாவுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. நிலவறையில் கிடந்த என் நீள பூட்ஸை மேலே கொண்டுவந்து, ஒட்டடையைத் துடைத்துக்கொண்டே வீடியோவில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா பார்த்துவிட்டார்.

"அதென்ன கண்ணு, அத்தன நீளமா? மழைக்குப் போடறதா?"

"குதிரை ஏறப் போடறதும்மா. மறுக்கா போலாம்னு இருக்கறேன்."

பச்சை உடம்பு, அதெல்லாம் ஆகாது என்று திட்டு விழும் என்று நினைத்தேன். பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அம்மா திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "புள்ளைய யாருகிட்டக் குடுத்துட்டுப் போவே?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. சுருக்கென்றது.

அதே வாரம் இங்கே மூன்று பேர் என்னிடம் குதிரை பற்றிக் கேட்டிருந்தார்கள்: பிரசவத்துக்குப் பிந்தைய உடற்பயிற்சி வகுப்பின் மருத்துவச்சி, கீழ்வீட்டுக்காரர், பழைய ஜெர்மன் வகுப்புத் தோழி. மூன்று பேரும் கேட்டது "எப்போது மறுபடி ஏறப் போகிறாய்?" என்றுதான். யாரிடம் கொடுத்துவிட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாங்கள் ஜெர்மனியில் மூன்ஸ்டருக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. இது சைக்கிள் ஊர். சைக்கிளுக்கே 'லேட்ஸே' என்று தனியாக ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். நகரத்தை விட்டு இருபது நிமிடம் மிதித்தால் போதும், வயலும் செங்கல் வீடுகளும் வேலிக்குள் மேயும் குதிரைகளும்தான். கிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் வாரன்டோர்ஃப். 1826-இல் தொடங்கிய அரசுக் குதிரைப் பண்ணை அங்கே இன்றும் நடக்கிறது. ஜெர்மன் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தலைமையிடமும் அதே ஊர்தான். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பொலிகுதிரைகளை அலங்கரித்து அணிவகுக்க விடுவார்கள். வந்த வருஷமே என் வீட்டுக்காரர் என்னை அங்கே கூட்டிப்போனார். வேலையும் இல்லை, மொழியும் வரவில்லை, நாலரை மணிக்கெல்லாம் இருட்டப்போகும் குளிர்காலம் வேறு வாசலில் நின்றது. அங்கே முதல் குதிரை என்னைத் தாண்டிப் போனபோது வந்த வாசனையில், வியர்வையும் புல்லும் தோலும் கலந்த அந்த வாசனையில், நான் சட்டென்று அந்தியூர்ச் சந்தையில் நின்றேன்.

ஆடி மாதம் குருநாதசாமி கோயில் பண்டிகையென்றால் எங்கள் பக்கத்தில் சொல்ல வேண்டியதில்லை. கத்தியவார், மார்வார், நாட்டுக் குதிரை என்று வரிசையாகக் கட்டியிருப்பார்கள். திப்பு சுல்தான் காலத்துச் சந்தை என்று ஊரில் சொல்வார்கள். அப்புச்சி, அம்மாவின் அப்பா, குதிரை வண்டி ஓட்டியவர். வண்டி விற்று ரொம்ப வருஷம் ஆன பிறகும் பண்டிகைக்குப் போவதை விடவில்லை. வாங்க மாட்டார். ஆனால் வாங்க வந்தவர்கள் "ஐயா, கொஞ்சம் சுழி பாத்துச் சொல்லுங்க" என்று அவரைத்தான் தேடுவார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டே குதிரையின் நெற்றியை, கழுத்தை, விலாவை மெதுவாகத் தடவிப் பார்ப்பார். மயிர் சுழித்து நிற்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன் உண்டு. நல்ல சுழி குடும்பத்தைத் தூக்கும், கெட்ட சுழி வந்த வீட்டைக் கெடுக்கும். பிறகு உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்து வயசு சொல்வார். ஒரு தடவைகூட என்னைக் குதிரைமேல் உட்கார வைத்ததில்லை. "பொட்டப் புள்ள, உளுந்துட்டா?" என்பார். அவர் அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் அதை என்னால் கோபமாக நினைக்கவும் முடிந்ததில்லை, மறக்கவும் முடிந்ததில்லை.

வாரன்டோர்ஃபிலிருந்து வந்த மறுவாரமே பக்கத்துக் கொட்டகையில் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டேன். எனக்குக் கொடுத்த குதிரை வெஸ்ட்பாலிய இனத்துப் பழுப்பு நிறப் பெட்டை. பெயர் லோட்டா. அம்மாவிடம் சொன்னபோது, "தண்ணி குடிக்கற லோட்டாவா?" என்று சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்றுவரை எங்கள் வீட்டில் அது "லோட்டாக் குதிரை"தான்.

கொட்டகையை நடத்தும் அம்மாவுக்கு எழுபது வயசுக்கு மேல். குதிரைக் கொட்டகையில் எல்லாரும் எல்லாரையும் 'டூ' போட்டுத்தான் பேச வேண்டும், அதாவது நீ, வா, போ. கைக்குழந்தையைக்கூட "வாங்க, சாப்பிடுங்க" என்று சொல்லும் ஊரில் வளர்ந்த எனக்கு அந்த அம்மாவை 'நீ' என்று கூப்பிட நாக்கு எழவில்லை. ஆறு மாதம் அந்த ஒற்றைச் சொல் வராதபடியே வாக்கியங்களைக் கட்டிப் பேசினேன். என் ஜெர்மன் அப்படித்தான் வளர்ந்தது.

கர்ப்பம் உறுதியான நாளில் குதிரை நின்றது. மார்ச்சில் பாப்பா பிறந்தாள். அம்மா பிப்ரவரிக் கடைசியிலேயே வந்துவிட்டார். விசா 90 நாள். பூண்டும் பத்தியமுமாக வீடு மணந்தது. அம்மா குளியலறைத் தரையில் மணை போட்டு உட்கார்ந்து, காலை நீட்டி, பாப்பாவை அதில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார். வீட்டுக்கு வந்துபோன மருத்துவச்சி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுக் கதவோரமாகவே உட்கார்ந்துவிட்டார். "குழந்தை அழவே இல்லையே!" என்று ஆச்சரியப்பட்டார். இங்கே பிரசவமான பெண்ணின் வீட்டுக்கு மருத்துவச்சி தேடி வருவார், 12 வாரம் வரை அந்தச் செலவு காப்பீட்டிலேயே போய்விடும். நல்ல ஏற்பாடு, மனசாரச் சொல்கிறேன். பால் நன்றாக ஊற ஓட்ஸ் சாப்பிடச் சொன்னார் அவர். "குதிரைக்குப் போடறதையா?" என்றார் அம்மா. ஊரில் குதிரை தின்னும் கொள்ளில்தானே நாம் ரசம் வைக்கிறோம் என்றேன். அப்புறம் அம்மாவே தினமும் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சினார், சீரகம் தட்டிப் போட்டு.

மே கடைசியில் விசா முடிந்து அம்மா கிளம்பினார். அன்றைக்கு என் உடம்பு குதிரை ஏறும் நிலையில் இல்லை. இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சி வகுப்பை அப்போதுதான் தொடங்கியிருந்தேன். பத்து மணி நேர வகுப்புக்குக் காப்பீடு பணம் கட்டுகிறது. அதை முடித்து, மருத்துவர் பார்த்து, சரி, மெதுவாக ஏறலாம் என்று சொன்னபோது அக்டோபர். கைகள் இருந்தபோது உடம்பு இல்லை, உடம்பு வந்தபோது கைகள் போய்விட்டன. இந்த ஒரு குறை மட்டும் என் மனசில் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக வளர்ந்து நிற்கிறது. 90 நாளில் ஒரு பாட்டியை விமானம் ஏற்றி அனுப்பிவிட வேண்டியிருக்கிறது.

ஊரில் யாரும் நேரம் தேடுவதில்லை. பாப்பா அம்மாவின் கையிலிருந்து சித்தி கைக்கு, அங்கிருந்து பக்கத்து வீட்டு அக்காவின் இடுப்புக்கு என்று போய்க்கொண்டே இருப்பாள். பால் கொடுக்கத்தான் நம்மிடம் திரும்ப வருவாள். ஆனால் அந்தப் பத்துக் கைகளில் ஒன்றுகூட, போய்க் குதிரை ஏறிவிட்டு வா என்று என்னை அனுப்பியிருக்காது. இங்கே ஊரே போ என்கிறது. பிள்ளையை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

லிஸ் ஹார்ட்டெல் என்று டென்மார்க்கில் ஒரு பெண்மணி இருந்தார். 1944-இல் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்தன. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அவர் மறுபடி குதிரை ஏறினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வாங்கினார், 1956-இலும் வாங்கினார். குதிரைமேல் ஏற்றிவிடவும் இறக்கவும் அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. இந்தக் கதையைப் படித்த நாளிலிருந்து நான் அந்தப் பதக்கத்தைவிட, ஏற்றிவிட்டவர்களைப் பற்றித்தான் அதிகம் நினைக்கிறேன்.

நான் கேட்டது ஒரே ஒரு மணி நேரம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது ஒரு மணி நேரமே இல்லை. சைக்கிளில் போக இருபது நிமிடம். குதிரையைத் தேய்த்து, குளம்பில் அடைந்த மண்ணைக் கொக்கியால் சுரண்டி, சேணம் பூட்ட அரை மணி. ஏறுவது முக்கால் மணி. இறங்கியபின் வியர்வை ஆற நடத்தி, திரும்பவும் குளம்பு பார்த்து, முற்றம் கூட்டி முடிக்க இன்னொரு அரை மணி. திரும்பி வர இருபது. பாப்பா பாலுக்கு அழுவது இரண்டரை மணிக்கு ஒருமுறை. ஐந்து நிமிடம் மிச்சம்! சனிக்கிழமை என்று முடிவாயிற்று. முதல் சனி மழை. இரண்டாம் சனி பாப்பாவுக்குச் சளி. மூன்றாம் சனி பீய்ச்சிய பாலைப் புட்டியில் வைத்துவிட்டுப் போனேன்.

லோட்டா என்னை மறந்திருக்கவில்லை. மூக்கால் என் சட்டைப் பையை முட்டிக் கேரட் தேடியது. நான் படிக்கட்டில் நின்று ஏறினேன். தொடை நடுங்கியது. நாலு சுற்று நடந்தோம். அதன் நடையோடு என் இடுப்பும் தானாக அசையத் தொடங்கியபோது, பிரசவத்துக்குப் பிறகு முதல்முறையாக இந்த உடம்பு என்னுடையது என்று தோன்றியது. அப்போதுதான் வாசலில் சைக்கிள் மணி. என் வீட்டுக்காரர், பின்னால் குழந்தை வண்டி, அதற்குள்ளிருந்து வீறிடும் பாப்பா. புட்டியைத் தொடவே இல்லையாம். அந்த அழுகை காதில் விழுந்ததும் சட்டை நனைந்துவிட்டது. கடிவாளத்தை நான் இழுக்கும் முன்பே லோட்டா நின்றது.

கொட்டகை அம்மா ஒன்றும் பேசவில்லை. சேணங்கள் மாட்டியிருக்கும் அறையைத் திறந்து, ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, குதிரைக் கம்பளி ஒன்றை என் மடியில் விரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். தோலும் மெழுகும் மணக்கும் அந்த அறையில் பாப்பா குடித்துக்கொண்டே என் தலைக்கவசத்தின் வாரைப் பிடித்து இழுத்தாள். அரை மணி கழித்து எட்டிப் பார்த்தவர், "என் மூன்று பிள்ளைகளும் இந்த அறையில் துணிக்கூடையில் கிடந்து வளர்ந்ததுகள்தான். அடுத்த சனி இவளையும் கொண்டுவா. லோட்டா வெளியே காத்திருக்கிறாள், போய் மிச்சத்தை முடி" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். நான் பாப்பாவைக் கொடுத்தேன். "நன்றிங்க" என்று தமிழிலேயே வந்துவிட்டது. 'ங்க'வோடுதான்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை என்றால் குடும்பமாகக் கொட்டகைக்குத்தான். அங்கே வேலை செய்துகொண்டே குதிரை பழகும் பதின்மூன்று பதினாலு வயசுப் பெண்கள் இருக்கிறார்கள். பாப்பா இப்போது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறாள். வைக்கோல் தூசியோடு திரும்பி வருகிறாள். இந்த ஊர் பழகிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் கொட்டகை வாசலில் கால் வைத்ததும் வருகிற அந்த வாசனை ஒவ்வொரு வாரமும் என்னை அந்தியூரில்தான் இறக்கிவிடுகிறது.

தை மாதத்தில் ஒருநாள் கொட்டகை அம்மா ஏதோ தடுப்பூசிப் பதிவுக்காக லோட்டாவின் பாஸ்போர்ட்டை மேசையில் விரித்து வைத்திருந்தார். இங்கே குதிரை ஒவ்வொன்றுக்கும் பாஸ்போர்ட் உண்டு. உள்ளே குதிரை உருவம் வரைந்து, அங்கங்கே பெருக்கல் குறி போட்டிருந்தது. இதெல்லாம் என்ன என்று கேட்டேன். மயிர்ச்சுழி என்றார். குதிரைக்குக் குதிரை சுழி வேறாக இருக்கும், அடையாளத்துக்குக் குறித்து வைப்பார்கள் என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. அப்புச்சி விரலால் தடவிப் படித்ததை இங்கே அரசாங்கக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன். பாஸ்போர்ட்டைக் காட்டினேன். அம்மா கண்ணாடி எடுத்துவரச் சொல்லிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"காகிதத்துல என்னத்தத் தெரியும். குதிரையக் காட்டு."

லோட்டாவின் நெற்றிக்கு நேராகப் போனைப் பிடித்தேன். "கிட்ட. இன்னும் கிட்ட. முன்மயிர ஒதுக்கு." ஒதுக்கினேன். கண்களுக்கு நடுவே கொஞ்சம் மேலே, வலப்பக்கமாகச் சுழித்த ஒற்றைச் சுழி. அம்மா ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்களுக்குச் சுழி பாக்கத் தெரியுமாம்மா?"

"எங்கப்பங்கூடவே சந்தைக்குப் போயி வளந்தவ நானு. தெரியாம? நீ ஏறறியே, நான் ஒரு நாளுங்கூட ஏறுனதில்ல கண்ணு. வண்டியில பொறத்தால உக்காந்து போனதோட சரி." சற்று நிறுத்தி, "நல்ல சுழிதான். ஏறு," என்றார்.

பின்னால் பாப்பா சிணுங்கத் தொடங்கினாள்.

"அது கெடக்கட்டும், அவங்கப்பன் பாத்துக்குவாரு," என்றார் அம்மா. "உதட்ட வெலக்கிப் பல்லக் காட்டு. என்ன வயசுன்னு பாப்போம்."