குவாத்தமாலா மலைக்கிராமத்துல அடுப்பு கட்டப் போன அனுபவம்

குவாத்தமாலா போய் வாலண்டியரா வேலை பாத்துட்டு வந்தேன்னு சொன்னா எல்லாரும் முதல்ல கேக்கறது விசா, டிக்கெட், செலவு இதுதான். அதையும் சொல்றேன். ஆனா அதையெல்லாம் விட பெரிய அனுமதி ஒண்ணு அங்க ஊர்க்கூட்டத்துல வாங்கவேண்டி இருந்துச்சு, போறதுக்கு முன்னாடி அத பத்தி எனக்கு யாருமே விவரமா சொல்லல, அதுக்காகத்தான் இத எழுதறேன்.

எனக்கு ஊரு போடிநாயக்கனூர். ஏலக்காய் ஏலம் நடக்கற ஊர்ல பொறந்தவங்களுக்கு குவாத்தமாலாங்கற பேரு புதுசில்ல, "குவாத்தமாலா காய் வந்துருச்சு, இனி விலை நிக்காது"ன்னு எங்க அப்பா சொல்லிக் கேட்டே வளர்ந்தேன். உலகத்துலயே ஏலக்காய் அதிகமா ஏற்றுமதி பண்றது அந்த நாடுதான். அங்க அது விளையறது பெரும்பாலும் ஆல்தா வெராபாஸ் மாகாணத்து மலைகள்ல, விளைவிக்கறவங்க கெக்ச்சி மாயா மக்கள். சிவில் படிச்சிட்டு சில வருஷம் சைட்ல வேலை பாத்த பிறகு, வெளிநாட்டுல பழங்குடி மக்களோட வேலை செய்யணும்னு தோணினப்ப என் மனசு நேரா அங்கதான் போச்சு.

தேட ஆரம்பிச்சா முதல்ல வர்றதெல்லாம் ரெண்டு வாரம் போய் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடு, சுவருக்கு பெயிண்ட் அடி, அதுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டுங்கற மாதிரி ப்ரோகிராம்தான். நான் எல்லார்கிட்டயும் ரெண்டே கேள்வி கேட்டேன், இந்த வேலையை அந்த ஊர்க்காரங்க கேட்டாங்களா, நான் கட்டற காசுல எவ்வளவு அந்த ஊருக்குப் போகுது. பாதி பேர் பதிலே போடல. கடைசில ஒரு சின்ன உள்ளூர் குழு, ஊர் கமிட்டி கையெழுத்து போட்ட கடிதத்தையே ஸ்கேன் பண்ணி அனுப்பினாங்க, புகைபோக்கி வச்ச அடுப்பு எங்களுக்கு வேணும், கொத்தனார் எங்க ஊர்லயே இருக்காரு, பிளாக் கணக்கு பாக்கவும் வேலைக்கு நிக்கவும் ஆள் போதும்னு. அத படிச்ச அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

பேப்பர் வேலை சுருக்கமா. பாஸ்போர்ட் ஆபீஸ்ல போலீஸ் கிளியரன்ஸ், அது வெளிநாட்டுல செல்லறதுக்கு அப்போஸ்டில்ங்கற அரசு முத்திரை, ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு, பேங்க் ஸ்டேட்மென்ட், அழைப்புக் கடிதம், எல்லாம் டெல்லி எம்பஸிக்கு. அமெரிக்கா வழியா போனா ஏர்போர்ட்ல ஃப்ளைட் மாறுறதுக்குக் கூட நமக்கு ட்ரான்சிட் விசா வேணும், டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ரூட்டை பாத்துக்கோங்க. உள்ள போனா தொண்ணூறு நாள் கணக்கு குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார், நிகராகுவா நாலுக்கும் சேத்துதான், பக்கத்து நாட்டுக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்தா புதுசா ஆரம்பிக்காது. ஹெபடைடிஸ் ஏ, டைஃபாய்டு, டெட்டனஸ் ஊசி போட்டுட்டுப் போங்க.

மொழிதான் நிஜமான கஷ்டம். இங்கேயே ஆன்லைன்ல ஸ்பானிஷ் படிச்சு, அங்க குவாத்தமாலாவுல இருக்கற ஆந்திகுவா நகரத்துல ஒரு டீச்சரோட உக்காந்து தினமும் பேசிப் பழகி, ஓரளவு தேறிட்டேன்னு நெனச்சு மலைக்குப் போனா அடுக்களையில இருக்கற பெண்கள் பல பேருக்கு ஸ்பானிஷே வராது, கெக்ச்சி மட்டும்தான். பத்து லட்சம் பேருக்கு மேல பேசற மொழி அது. கொத்தனார் மகள் ஸ்கூல் முடிச்ச பொண்ணு, அவதான் எனக்கு மொழிபெயர்ப்பு, அவளுக்கு குழு தினக்கூலி குடுத்தாங்க. பெரியவங்களை ஆம்பளைன்னா காவா, பொம்பளைன்னா கானா சேத்துதான் கூப்பிடணும்னு முதல் நாளே சொல்லிக்குடுத்தா.

இப்ப அந்த ஊர்க்கூட்டம். அங்க ஒவ்வொரு கிராமத்துலயும் கொகோடேன்னு ஒரு வளர்ச்சிக் கமிட்டி உண்டு, 2002ல வந்த சட்டப்படி அமைஞ்சது. ரோடு, தண்ணி, ஸ்கூல் எதுனாலும் அவங்க வழியாதான் போகணும். என்னைக் கொண்டுபோய் பள்ளிக்கூட ஹால்ல ஊரே உக்காந்திருக்க முன்னாடி நிறுத்தினாங்க. எந்த ஊரு, கல்யாணம் ஆச்சா, அப்பா அம்மா எப்படி அனுப்பினாங்க, மைனிங் கம்பெனி ஆளா, டேம் கட்ட அளக்க வந்திருக்கியா, போட்டோ எடுத்து என்ன பண்ணுவ, மணிக்கணக்கா கேள்வி. கூட வந்த வேற நாட்டுப் பையன் ஒருத்தனுக்கு முகம் சுருங்கிப் போச்சு, உதவி பண்ண வந்தவங்களை இப்படியான்னு. எனக்கு அவங்க கேக்கறது நூறு சதவீதம் நியாயமா பட்டுச்சு. 1978 மே 29 அன்னிக்கு அதே மாகாணத்துல பன்சோஸ்ங்கற ஊர்ல நிலம் கேட்டுத் திரண்டு வந்த கெக்ச்சி விவசாயிகளை ராணுவம் சுட்டுச்சு, பெண்கள், பிள்ளைங்க உட்பட பல பேர் செத்தாங்க. 36 வருஷம் ஓடின உள்நாட்டுப் போர் 1996 டிசம்பர்லதான் முடிஞ்சது, ரெண்டு லட்சம் பேருக்கு மேல செத்தோ காணாமலோ போனாங்க, அடையாளம் தெரிஞ்சவங்கள்ல நூத்துக்கு 83 பேர் மாயா மக்கள்னு உண்மை அறியும் கமிஷன் 1999ல அறிக்கை குடுத்துச்சு. அந்த ஹால்ல உக்காந்திருந்த கிழவிங்க எல்லாம் அந்தக் காலத்தைத் தாண்டி வந்தவங்க. வெளியாள் நோட்டுப் புஸ்தகத்தோட வந்தா அவங்க கேக்காம வேற யாரு கேப்பா?

போட்டோ விஷயம் இன்னும் கவனம். 2007 வரைக்கும் வருஷத்துக்கு ஆயிரக்கணக்குல குழந்தைங்க அங்கேர்ந்து வெளிநாட்டுக்குத் தத்துப் போச்சு, அதுல பல கேஸ் திருட்டு. பிள்ளை பிடிக்க வந்திருக்காங்கன்னு ஒரு வதந்தி கிளம்பினா போதும். 1994ல சான் கிறிஸ்தோபல் வெராபாஸ்ல ஒரு அமெரிக்கப் பெண்ணை அடிச்சு கோமாவுல தள்ளிட்டாங்க, 2000ல தோதோஸ் சாந்தோஸ் ஊர்ல ஒரு ஜப்பான் சுற்றுலாப் பயணி செத்தே போனார். அதனால கூட்டத்துலயே ஒத்துக்கிட்டேன், பிள்ளைங்களை போட்டோ எடுக்க மாட்டேன், அடுப்பை எடுக்கணும்னா வீட்டுக்காரம்மா முன்னாடிதான்னு. அப்புறம் கை தூக்கி ஓட்டு. ஏத்துக்கிட்டாங்க.

வேலை பத்தி சொல்லணும்னா நான் சித்தாள்தான், மேஸ்திரி அந்த ஊர் காவா. முதல்ல வீட்டுக்காரம்மாவை நிக்க வச்சு இடுப்பு உயரம் அளப்பார், அதுக்கு ஏத்த மாதிரிதான் பிளாக் வரிசை. உள்ள செங்கல்ல தீ அறை, நடுவுல சாம்பலும் மணலும் நிரப்பி, சலிச்ச களிமண்ணு மணல் கொஞ்சம் சுண்ணாம்பு குழைச்ச கலவையில பூசி, மேல பிளாஞ்சாங்கற வார்ப்பிரும்பு தகடு, பானை அளவுக்கு வளையம் வளையமா எடுத்து மாத்திக்கலாம். ஓலைக் கூரை வழியா குழாயை விட்டா தீப்பிடிக்கும், அதனால பலகைச் சுவரை வெட்டி சுத்தி தகரம் அடிச்சு வெளிய திருப்பிவிட்டு கூரைக்கு மேல உயரம் குடுக்கணும். ஈரம் முழுசா காயற வரைக்கும் தீ மூட்டக் கூடாது, மூட்டினா வெடிச்சிரும், அந்த ஊர்ல மழை சாரல் ஓயாம விழறதால காயறதுக்கே ரொம்ப நாளாகும். குடும்பம் சும்மா வாங்கிக்கறதில்ல, மணலு களிமண்ணு அவங்க சுமந்து தரணும், தகட்டு விலையில ஒரு பங்கு தவணையா கட்டணும், இது கமிட்டி வச்ச சட்டம்.

சான் மார்கோஸ் மாகாணத்துல 2000க்குப் பிறகு இந்த மாதிரி அடுப்பை வச்சு ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு, முடிவு 2011ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு. குழந்தைங்க சுவாசிக்கற புகை பாதியா குறைஞ்சது, கடுமையான நிமோனியா மூணுல ஒரு பங்கு குறைஞ்சது, ஆனா மொத்த நிமோனியா கணக்குல உறுதியா சொல்ற அளவுக்கு வித்தியாசம் இல்ல. அதாவது அடுப்பு வச்சுட்டா மட்டும் பத்தாது, புகை இன்னும் குறையணும். குழாயில கரி அடைச்சா திரும்பவும் புகை வீட்டுக்குள்ளதான். அதனால கட்டறதுக்கு செலவழிச்ச அதே நேரம் வீடு வீடா போய் குழாய் சுத்தம் பண்ணக் காட்டிக்குடுத்தோம்.

கானா ஒருத்தங்க கேட்ட கேள்விக்கு குழுவுல யார்கிட்டயும் பதில் இல்ல. பரண்ல தொங்கற மக்காச்சோளத்துக்கு இத்தனை நாள் புகைதான் காவல், புகையை வெளிய அனுப்பிட்டா வண்டு விழுந்து வருஷ சாப்பாடே போயிருமேன்னு. பெண்கள் தனியா கூடிப் பேசி, சோளத்தை வீட்டுக்கு வெளிய தனிக் கொட்டகைக்கு மாத்தி அங்க வாரத்துக்கு சில நாள் மூட்டம் போடறதுன்னு முடிவு பண்ணாங்க. இந்த விவரம் எந்த ட்ரெய்னிங் புஸ்தகத்துலயும் இல்ல.

சாப்பாட்டுக்கு நான் பயந்துட்டுதான் போனேன், ஆனா பழகிருச்சு. சோளத்தை சுண்ணாம்புத் தண்ணில வேகவச்சு ராத்திரி ஊறவிட்டு விடிகாலை மில்லுல அரைச்சு கையாலயே தட்டற ரொட்டி, கருப்பு பீன்ஸ், பச்சை மிளகாய். நம்ம சௌசௌ அந்தப் பக்கத்து காய்தான், கொடியோட கிழங்கைக் கூட வேகவச்சு சாப்பிடறாங்க. ஏலக்காயைத்தான் யாரும் சமையல்ல போடறதில்ல, முதல் உலகப்போர் சமயத்துல ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் கொண்டுவந்து போட்ட செடி அது, காய் பெரும்பாலும் அரபு நாட்டுக்குப் போகுது. பச்சைக் காயை மூட்டையா தரகர்கிட்ட குடுத்துட்டு அவன் சொல்ற விலையை வாங்கிட்டு வர்றாங்க. எங்க ஊர் விலையைக் கேட்டு என்னைச் சுத்தி உக்காந்தாங்க ஒரு நாள், நான் போனைப் போட்டு அப்பாகிட்ட அன்னிக்கு ஏல விலை கேட்டு கிலோ கணக்கை அவங்க பவுண்டு கணக்குக்கு மாத்திச் சொன்னேன். ரெண்டு பக்கமும் அடுத்தவன் காயாலதான் விலை விழுதுன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம். அப்பா அன்னிக்கு ரொம்ப நேரம் போனை வைக்கவே இல்ல, மொழிபெயர்த்து எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் தொண்டை வறண்டு போச்சு.

கிளம்பறதுக்கு முன்னாடி திரும்பவும் அதே ஹால்ல கூட்டம். எத்தனை அடுப்பு எரியுது, எது விரிசல், யாரு தவணை பாக்கி எல்லாம் கமிட்டி வாசிச்சாங்க. இனிமே கட்டறதுக்கு வெளியாள் வேண்டாம்னு முடிவாச்சு, எங்களோட சேந்து வேலை கத்துக்கிட்ட ரெண்டு பெண்களே மேஸ்திரியா இறங்கிட்டாங்க. அவங்களுக்கு இப்ப வேணும்னு சொன்னது கணக்கு எழுதத் தெரிஞ்ச, மாகாணத் தலைநகர் கோபான் டவுன்ல தகடும் குழாயும் மொத்த விலைக்குப் பேசி வாங்கித் தர்ற, சில மாசமாவது தங்கற ஒரு ஆளு. போகணும்னு நெனக்கறவங்க ஸ்பானிஷை இப்பவே ஆரம்பிங்க, முட்டி வரைக்கும் வர்ற ரப்பர் பூட்ஸை கோபான் மார்க்கெட்லயே வாங்கிக்கலாம்.